கோயில் அடிமனையில் வீடு கட்டலாமா?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது நாமக்கல் மாவட்டம், சேந்தமங்கலம். சோமேசுவரர், லட்சுமி நாராயணப் பெருமாள் எனப் பழைய கோயில்கள் உள்ள ஊர். இதுபோன்ற ஊர்களில், மனை வாங்க வசதியில்லாத குடும்பங்கள் கோயில் இடத்துக்குத் தரை வாடகை கட்டி, அதில் வீடு போட்டுக்கொள்வது தமிழகம் முழுக்க உள்ள பழக்கம். ‘அடிமனை’ என்பார்கள். தாத்தா போட்ட ஓட்டு வீட்டைப் பிரித்து, பேரன் தார்சு வீடு கட்ட நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சட்டத்தின் பார்வையில் சாமி ஒரு மைனர். மைனர் சொத்தை யாரும் இஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதல்லவா? 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவும் அப்படித்தான். 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தர்மகர்த்தா எழுதிக் கொடுத்தது செல்லாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவும் செய்தாக வேண்டும்.

‘12 வருஷம் குடியிருந்தால் இடம் நமக்கே சொந்தம்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். கோயில் நிலத்தில் அது நடக்காது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் வீட்டில் குடியிருப்பதற்கான அத்தாட்சிதான். நிலத்துக்கு உரிமை தராது. சென்னையிலும் சில நகரங்களிலும், வாடகை மனையில் வீடு கட்டியவர் அந்த மனையையே விலைக்குக் கேட்க 1921-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. 1996-ல் வந்த திருத்தம் கோயில், சர்ச், மசூதி நிலங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. கோயில் நிலத்தில் நெடுநாள் குடியிருப்பவர்களுக்கு வழிசெய்ய 2019-ல் அரசு போட்ட ஆணைக்கும் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதனால், ‘பட்டா வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

பட்டா இல்லாததால் வங்கியில் வீட்டுக்கடன் கிடைப்பதும் கடினம். கட்டுமானத்தில் எவ்வளவு பணம் போடலாம் என்பதை இதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

பல குடும்பங்கள் கோட்டைவிடுவது பெயர் மாற்றத்தில்தான். தாத்தா இறந்து பல வருஷமாகியும் ரசீது அவர் பெயரிலேயே வரும். குத்தகை முடிந்தபிறகும் இருப்பவரையும், அனுமதியின்றி இருப்பவரையும் 78-வது பிரிவு ‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிறது. வெளியேற்ற நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பழைய ரசீதுகளோடு செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கிவைப்பது அவசியம். அடிமனை வீட்டை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவர்கள் நிலை இன்னும் மோசம்.

வாடகையை இணை ஆணையர், கோயில் தரப்பு, மாவட்டப் பதிவாளர் அடங்கிய குழு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியமைக்கும். திடீரென்று பெரிய தொகையோடு உத்தரவு வரும்போது, பயந்துபோய் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவர்கள் நிறைய. தொகை அதிகம் என்று தோன்றினால் 30 நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 34-ஏ பிரிவு இடம் தருகிறது. உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையிலேயே குறித்துவைத்துக்கொள்ளலாம்.