பாடசாலைச் சூழலும் ஆசிரியர் உள்ளமும்

பாடசாலையொன்றினுட் புதிதாய் நுழைவோர் அங்கு நிலவும் சூழல் எத்தகையதென விரைவில் உணர்வர். சிலவற்றில் ஊக்கந் ததும்பும். சிலவற்றிலோ ஆசிரியரும் மாணவரும் கடைசி மணியோசைக்கே காத்திருப்பர். கண்ணுக்குப் புலனாகாத இச்சூழலை அளத்தல் கூடுமோ?

கூடும் என்றனர் அமெரிக்கக் கல்வியறிஞராகிய ஹல்பின், குறொவ்ற் என்னும் இருவர். மனிதனுக்கு ஆளுமை எவ்வாறோ, பாடசாலைக்குச் சூழல் அவ்வாறே என்பது அவர்தங் கருத்து. 71 தொடக்கப் பாடசாலைகளைச் சார்ந்த 1,151 பேரிடம் விடைபெற்று, 1963 இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டனர். அவர்தம் வினாக்கொத்தில் 64 கூற்றுக்கள் உள. ஒவ்வொன்றும் தம் பாடசாலையில் அரிதாகவோ, சில வேளைகளிலோ, அடிக்கடியோ, மிக அடிக்கடியோ நிகழ்கின்றது என ஆசிரியர் குறித்தல் வேண்டும்.

விடைகள் எட்டுக் கூறுகளாய்த் தொகுக்கப்படும். பற்றின்மை, வீண்சுமையால் எழும் இடையூறு, ஊக்கவுணர்வு, நெருக்கம் என்பன ஆசிரியர் பாலன. ஒதுங்கி நிற்றல், கண்காணித்து வேலை வாங்கல், தாமே முன்னின்று உழைத்தல், பரிவு என்பன அதிபர் பாலன. இவற்றின் ஏற்றத்தாழ்வுகொண்டு, திறந்த சூழல் முதல் மூடிய சூழல் ஈறாக ஆறு வகைகள் வகுக்கப்பட்டன. திறந்த சூழலில் ஊக்கவுணர்வும் அதிபரின் உழைப்பும் மிகும், பற்றின்மை குறையும்.

ஈண்டு அளக்கப்படுவது அதிபரின் செயலன்று. அச்செயல் ஆசிரியர்க்குத் தோன்றும் தோற்றமே. பாடக்குறிப்பை நாள்தோறும் பார்வையிடுதலை அதிபர் கடமையென்பர், ஆசிரியர் இடையூறென்பர். ஆசிரியர் உழைப்பது தாம் உணர்ந்தவாறே ஆதலின், அவ்வுணர்வும் புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும், மூதூரை அடுத்த கட்டைபறிச்சான் போன்ற சிற்றூர்களில் இவ்வளவுகோலைக் கையாள்வோர்க்கு இடர்ப்பாடொன்று உண்டு. ஊரிலேயே வாழும் ஆசிரியரும், 2009 இல் திறக்கப்பெற்ற கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலையிலிருந்து நாள்தோறும் வந்து செல்வோரும் ஒரு பாடசாலையை ஒரே கண்கொண்டு காணார். ஒருசாரார் நிறைவையும் மறுசாரார் மனக்குறையையும் சேர்த்துச் சராசரி கண்டால், எவருடைய உணர்வும் அதில் இராது. பிரித்துக் காணப் புகினோ, பத்துப் பேரே பணிபுரியும் இடத்தில் விடையளித்தவர் இன்னாரென எளிதிற் புலப்படும். அச்சம் புகுந்தவிடத்து உண்மை விடை வாராது.

ஆதலின் விடைத்தாளிற் பெயரோ, பாடமோ, சேவைக்காலமோ கேட்டலாகாது. கையெழுத்து வெளிப்படாவண்ணம் அடையாளமிடுதலே போதும். தாள்களை அதிபரன்றிப் பிறரொருவர் திரட்டுதல் நன்று. முடிவுகளை இடமாற்றத்துக்கோ பதவியுயர்வுக்கோ பயன்படுத்தாது, ஆசிரியர் கூட்டத்தில் யாவரும் ஆராய்தல் வேண்டும். அஞ்சாது விடையளிக்க இடமுள்ள பாடசாலையிலேயே சூழலை உள்ளவாறு அளத்தல் இயலும். அவ்விடத்தை ஆக்குதலே திறந்த சூழலுக்கு முதற்படியாம்.