இரத்த மரபணு வெளிப்பாட்டின் மூலம் தொற்றுநோய் கண்டறிதல்

இரத்த மரபணு வெளிப்பாட்டின் மூலம் தொற்றுநோய் கண்டறிதல் என்பது, நோய்க்கிருமியை நேரடியாகத் தேடாமல், அதற்கு உடல் காட்டும் எதிர்வினையை இரத்தத்தில் அளந்து நோயை அறியும் முறையாகும். காசநோய், குழந்தைகளின் காய்ச்சல், செப்சிஸ் எனப்படும் கடுந்தொற்று நிலை ஆகியவற்றில் இம்முறை விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

தேவை

வழக்கமான சோதனைகள் பலவற்றுக்கும் கிருமி உள்ள மாதிரி தேவை. நுரையீரல் காசநோயை அறியச் சளி வேண்டும். ஆனால் சிறு குழந்தைகளால் சளியை வெளியே துப்ப இயலாது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் சளியில் கிருமிகள் குறைவாக இருப்பதும் உண்டு.

காய்ச்சலில் வேறொரு சிக்கல் உள்ளது. காரணம் பாக்டீரியாவா, வைரசா என்பது அறிகுறிகளால் மட்டும் பெரும்பாலும் தெளிவாவதில்லை. இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஓரிரு நாட்களோ கூடுதலாகவோ ஆகும். வைரசுக் காய்ச்சலுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்தால் பயனில்லை; மருந்தெதிர்ப்பு வளரவும் அது வழிவகுக்கும். கடுமையான பாக்டீரியாத் தொற்றுக்குக் கொடுக்கத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

செயற்படும் விதம்

ஒரு மரபணு இயங்கும்போது அதிலிருந்து செய்திகாவும் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. வெள்ளையணுக்கள் கிருமியை எதிர்கொள்ளும்போது சில மரபணுக்களின் இயக்கம் கூடுகிறது, சிலவற்றின் இயக்கம் குறைகிறது. சான்றாக, வைரசுத் தொற்றில் இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் மிகுதியாக இயங்கும். இவ்வாறு ஒரு நோய்க்கு உரியதாக அமையும் ஏற்ற இறக்கங்களின் தொகுதி, அந்நோயின் வெளிப்பாட்டுத் தடம் எனலாம்.

ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவதால், இரத்தம் அதனை நிலைப்படுத்தும் வேதிப்பொருள் கொண்ட குழாயில் சேகரிக்கப்படுகிறது. ஆய்வாளர்கள் முதலில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேர அளப்பர். பின்னர் நோயை நன்கு பிரித்துக்காட்டும் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, பிசிஆர் போன்ற எளிய சோதனையாக மாற்றுவர்.

முக்கிய ஆய்வுகள்

2010இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, இலண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த காசநோயாளிகளின் இரத்தத்தில் 393 ஆர்.என்.ஏ. படிகள் கொண்ட தடத்தைக் கண்டது. சிகிச்சை பலனளித்தபோது இத்தடம் மங்கியது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஜிபிபி5, டியூஎஸ்பி3, கேஎல்எஃப்2 ஆகிய மூன்று மரபணுக்களே காசநோயைப் பிற நோய்களிலிருந்து பிரித்தறிய உதவும் என்று காட்டியது. இதன் அடிப்படையில் விரல் நுனி இரத்தத்தைக் கொண்டு செய்யும் சோதனையும் உருவாக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜாமா இதழில் வெளியான ஆய்வு, காய்ச்சலுற்ற குழந்தைகளில் இரண்டே மரபணுக்களை ஒப்பிட்டது. வைரசுத் தொற்றில் ஐஎஃப்ஐ44எல் உயர்ந்திருந்தது. பாக்டீரியாத் தொற்றில் எஃப்ஏஎம்89ஏ உயர்ந்திருந்தது.

வரம்புகள்

உடலின் எதிர்வினை ஒரே கிருமிக்கு மட்டும் உரியதன்று. காசநோய்த் தடத்தில் உள்ள இன்டர்ஃபெரான் சார்ந்த மரபணுக்கள் வைரசுத் தொற்றிலும் உயர்வதால் தவறான முடிவு வரக்கூடும். இம்முறை எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் சொல்லாது. எனவே காசநோயில் இது, யாருக்கு மேற்சோதனை தேவை எனப் பிரிக்கும் முதற்கட்டச் சோதனையாகவே பெரிதும் கருதப்படுகிறது. சளி தேவைப்படாத இத்தகைய முதற்கட்டச் சோதனை, நோயுள்ளவர்களில் குறைந்தது 90 விழுக்காட்டினரைக் கண்டறிய வேண்டும், நோயில்லாதவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினரைச் சரியாக விலக்க வேண்டும் என்பது 2014இல் உலக சுகாதார அமைப்பு வகுத்த அளவுகோல்.

தடம் காட்டும் எச்சரிக்கை எப்போதும் சிகிச்சைக்குப் போதிய வழிகாட்டியாவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த கோர்டிஸ் ஆய்வில், 11 மரபணுத் தடத்தின்படி ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து அளித்தும் காசநோய் குறையவில்லை என்று 2021இல் அறிவிக்கப்பட்டது.

செப்சிஸைப் பொறுத்தவரை, இவ்வகைச் சோதனைகள் சில அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றுள்ளன. அவையும் மருத்துவரின் மதிப்பீட்டோடும் பிற சோதனைகளோடும் சேர்த்தே பயன்படுத்தப்பட வேண்டியவை.