ஹோம்ஸ்டே கதவு யாருக்குத் திறக்கும்?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சீசன் நேரத்தில் லாட்ஜ்காரர்களிடம் பேசிப் பாருங்கள். முதல் புகார் ஹோம்ஸ்டேயைப் பற்றித்தான் இருக்கும். தாங்கள் உரிமம் எடுத்து, வரி கட்டித் தொழில் செய்ய, பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் நாலு படம் போட்டு வாடிக்கையாளரை அள்ளிக்கொண்டு போகிறார் என்பார்கள். புகாரில் நியாயம் உண்டு. குடும்பத்தோடு வருபவருக்குச் சமையலறையுடன் முழு வீடே கிடைப்பது வசதி என்பதும் நிஜம்.

இந்தப் போட்டியில் நாம் கேட்க வேண்டியது வேறு. அறை யாருக்குக் கிடைக்கும்?

1917இல் அம்பேத்கர் கொலம்பியா, லண்டன் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இந்து நண்பர், கிறித்தவ நண்பர் இருவர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய சிறு நூல்.

லாட்ஜில் இன்று ஆதார் அட்டையும் பணமும் கொடுத்தால் சாவி வந்துவிடுகிறது. சாதி பார்க்காத லாட்ஜ்தான் எல்லாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், சம்பளத்துக்கு வரவேற்பறையில் நிற்கும் பையனுக்கு நம் குலம் கோத்திரத்தில் அக்கறை குறைவு. ஹோம்ஸ்டேயில் முடிவெடுப்பவர் வீட்டுக்காரர். நம் பெயரைப் பார்த்த பிறகே அவர் ‘சரி’ சொல்கிறார்.

இதன் விளைவை அமெரிக்காவில் அளந்தே பார்த்துவிட்டார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி தளத்தில், ஐந்து நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பெயர் மட்டும்தான் வேறு. கறுப்பினத்தவர் பெயர் தாங்கிய விண்ணப்பங்கள் ஏற்கப்படும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. ஆய்வு 2017இல் வெளியானது. மறு ஆண்டு, முன்பதிவு உறுதியான பிறகே விருந்தினர் படத்தைக் காட்டுவது என்று அந்த நிறுவனம் விதியை மாற்றியது.

நமக்கு அந்த வைத்தியம் போதாது. சாதி முகத்தில் இல்லையே! “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? கறி சாப்பிடுவீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கும் மூன்று கேள்விகள் போதும். வாடகைக்கு வீடு தேடி நகரத்துக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம்.

இன்னொரு இழப்பும் உண்டு. லாட்ஜில் அறை கூட்டுவது, கழிவறை கழுவுவது, துணி வெளுப்பது பெரும்பாலும் நம் ஆட்கள். பத்துப் பேர் வேலை செய்யும் விடுதி என்றால் இ.எஸ்.ஐ. கேட்கலாம். ‘ஆள் வந்திருக்கிறார்கள், வந்து கூட்டிட்டுப் போ’ என்று அழைக்கப்படும் ஹோம்ஸ்டே வேலைக்கு அன்றைய கூலி மட்டும்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உணவகம், விடுதிகளில் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ‘ஹோட்டல்’ என்பதற்குள் தங்கும் விடுதியையும் சேர்த்தே சொல்கிறது. ஊரார் எல்லோரையும் காசுக்குத் தங்கவைக்கும் வீடு தங்கும் விடுதிதான், பலகையில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும். தீண்டாமை காரணமாகத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. இது 12ஆம் பிரிவு.

ஆகவே, பணம் கட்டிய பிறகு ‘அறை இல்லை’ என்றால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். முன்பதிவு ரசீது, வந்த குறுஞ்செய்தி, பேசிய நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அதே நாளுக்கு வேறொரு நண்பர் பெயரில் அறை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால், வன்கொடுமைத் தடுப்புக்கான கட்டணமில்லா எண் 14566.