உறக்கமும் மூச்சுவழியும்

குறட்டை விட்டு உறங்குவோரைக் கண்டால், நல்ல உறக்கம் என்று நாம் கூறுவதுண்டு. உண்மையில் அது, காற்றுச் செல்லும் வழி குறுகியதால் எழும் ஒலியாகும். சிலர்க்கு அவ்வழி முற்றும் அடைபடுவதும் உண்டு. அப்பொழுது குறட்டை திடீரென நிற்கும். மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்று விம்மும். ஆயினும் காற்று உட்புகாது. இவ்வாறு 10 விநாடிக்குக் குறையாமல் நிற்குமாயின், அதனை உறக்க மூச்சுத்தடை என்பர்.

மூச்சுவழியின் அமைப்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். மூக்கறையை எலும்பும், மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்களும் சுருங்காமல் காக்கின்றன. இடைப்பட்ட மிடற்றுக்கோ அத்தகைய அரண் இல்லை. முன்புறம் மெல்லண்ணமும் உள்நாக்கும் நாவின் அடியும், ஏனைப் புறங்களில் தசைச் சுவர்களுமாக அமைந்த மென்குழாய் அது. நாவடி எலும்புங்கூட வேறெந்த எலும்போடும் மூட்டாகப் பொருந்தாமல், தசைகளாலும் நார்களாலும் தாங்கப்பெற்றுள்ளது. எழுத்துகள் பிறக்கும் இடங்களுள் மிடற்றையும் நாவையும் அண்ணத்தையும் தொல்காப்பியர் பிறப்பியலில் வைத்து எண்ணினார் அல்லரோ? பேச்சுக்கு உதவும் அவ்வுறுப்புகளின் நெகிழ்ச்சியே உறக்கத்தில் இடராகின்றது.

விழித்திருக்கும்போது தசைகள் இவ்வழியை விரித்து நிறுத்துகின்றன. அவற்றுள் தலையாயது, கீழ்த்தாடையின் உட்புறத்தினின்று விசிறிபோல் விரிந்து நாவை முன்னிழுக்கும் தசை. உறங்கும்போது இவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால், நா தன் எடையாலேயே பின்சாயும். தாடை சிறுத்தோர்க்கும் கழுத்தில் கொழுப்பு மிக்கோர்க்கும் முன்னமே இடம் குறைவு. சிறுவர்க்கோ, பருத்த அடிநாச்சதையும் மூக்கின் பின்புறச் சதையுமே பெரும்பாலும் காரணமாம். வழி அடைபட்டதும் குருதியில் உயிர்வளி குறையும், மூளை ஒரு கணம் விழிக்கும், தசைகள் இறுகும், வழி திறக்கும். கடுமையான நிலையில் இது மணிக்கு 30 முறையும் அதற்கு மேலும் நிகழும். உறங்கினவனோ காலையில் ஒன்றும் அறியான். களைப்பு மட்டும் எஞ்சும். வகுப்பில் கண்ணயரும் சிறுவனைச் சோம்பேறி என்று வைவோர், இரவில் அவன் மூச்சு விடும் வகையையும் கேட்டறிதல் வேண்டும்.

சார்லசு டிக்கன்சு 1836இல் எழுதத் தொடங்கிய பிக்விக் கதையில், எந்நேரமும் உறங்கி விழும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். படித்தோர் நகைத்தனர். 1956இல் அமெரிக்க மருத்துவர் சிலர், உடற்பருமனால் மூச்சுக் குன்றும் நோய் ஒன்றுக்கு அக்கதையின் பெயரையே இட்டனர்.

தக்க மருத்துவம் பின்னரே வாய்த்தது. 1981இல் ஆசுதிரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவனும் உடன் ஆய்ந்தோரும், மூக்கின் வழியே சற்று அழுத்தமான காற்றை இடைவிடாது செலுத்தும் முறையை வெளியிட்டனர். அது மருந்தன்று, அறுவையுமன்று. குருத்தெலும்பின் துணையில்லாத அம்மென்குழாயை, அக்காற்றே உள்ளிருந்து தாங்கி இரவு முழுதும் திறந்து வைக்கின்றது.