பழைய வாகனத்துக்குப் புதிய விலை

ஒரு கார் விற்பனை நிலையத்தை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே அதன் பெறுமதி குறையத் தொடங்குகிறது. டயர் தேய்கிறது, எஞ்சின் பழசாகிறது, அடுத்த வருடம் புதிய மாடல் வந்துவிடுகிறது. இதுதான் உலக வழக்கம். ஆனால் 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் நாட்டில் இந்த வழக்கம் தலைகீழானது. நான்கைந்து வருடம் ஓடிய கார், வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்கப்பட்டது. கொவிட்-19 என்ற நோய்க்கும் வீதியோரத்தில் நிற்கும் பழைய காருக்கும் என்ன தொடர்பு? உயர்தரத்தில் பொருளியல் கற்கும் மாணவி என்ற வகையில், வகுப்பில் படித்த கேள்வி, நிரம்பல் பாடத்தைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் நிரம்பலைப் பார்ப்போம். நம் வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை வெளிநாடுகளிலிருந்து வந்தவை. விட்ஸ், அக்குவா, வேகன் ஆர் போன்றவை ஜப்பானில் சில காலம் ஓடி, ரீகண்டிஷன் வாகனங்களாக இங்கு வந்தன. ஆல்டோ போன்ற சிறிய கார்கள் இந்தியாவிலிருந்து புதிதாக வந்தன. எங்கிருந்து வந்தாலும் அதற்கு டொலரில் பணம் கொடுக்க வேண்டும். அந்த டொலரை நமக்குத் தரும் முக்கிய வழிகளில் ஒன்று சுற்றுலாத்துறை. 2018இல் அத்துறை சுமார் 4.4 பில்லியன் டொலரைத் தேடித் தந்தது. 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடப்பட்டு ஊரடங்கு வந்ததும் அந்த ஊற்று வற்றியது.

கையிலிருக்கும் டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் உணவுக்கும் வைத்திருக்க வேண்டிய நிலை. ஆகவே 2020 மார்ச் 19ஆம் திகதி, வாகன இறக்குமதிக்கு நாணயக் கடிதம் திறப்பதை மூன்று மாதங்களுக்கு நிறுத்துமாறு மத்திய வங்கி வங்கிகளுக்குப் பணித்தது. மூன்று மாதம் என்று தொடங்கிய தடை, சொந்தப் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை நீண்டது. கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள்! அக்காலம் முழுவதும் நாட்டிலிருந்த கார்களேதான் கைமாறிக்கொண்டிருந்தன. விலை எவ்வளவு ஏறினாலும் நிரம்பல் கூட வழியில்லை. நிரம்பல் வளையி நிலைக்குத்தாக நிற்கும் என்று பாடத்தில் வரைகிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்தது கேள்வி. நோய்ப் பயத்தால் மக்கள் பஸ்ஸில் ஏறத் தயங்கினார்கள். ஆசனங்களின் அளவுக்கு மட்டுமே பயணிகளை ஏற்ற வேண்டும் என்ற கட்டுப்பாட்டால் பஸ்ஸில் இடம் கிடைப்பதும் கடினமானது. வயதான உம்மும்மாவை கிளினிக்குக் கொண்டுபோக ஒரு சிறிய காராவது வேண்டும் என்று எண்ணிய குடும்பங்கள் ஏராளம். அதே நேரம் வட்டி வீதங்கள் குறைந்திருந்தன. மத்திய வங்கியின் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 2020 ஜூலையில் 5.5 சதவீதமாக இருந்தது. லீசிங் தவணை இலேசாகத் தெரிந்தது. வங்கியில் பணத்தை வைப்பதை விட ஒரு வாகனத்தை வாங்கிப் போட்டால் இலாபம் என்ற எண்ணமும் பரவியது. காணி, தங்கம் போல காரும் ஒரு சேமிப்பாகிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் வாகனங்களுக்குத் தேவையான மைக்ரோசிப் தட்டுப்பாட்டால் புதிய கார் உற்பத்தி குறைந்தது. அங்கு 2021 ஜூன் வரையான ஒரு வருடத்தில் பாவித்த வாகனங்களின் விலை சுமார் 45 சதவீதம் உயர்ந்தது. ஆனால் தொழிற்சாலைகள் மீண்டதும் அங்கே நிரம்பலும் மீண்டது. நம் நாட்டிலோ கதவு பூட்டப்பட்டேயிருந்தது.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவரை போனது. 2020இல் 137 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவானது. அதற்கும் வரிசை. கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் மட்டுமே. முன்பு 5.5 சதவீதமாக இருந்த அதே வட்டி வீதம் 2022 ஏப்ரலில் 14.5 சதவீதமாக்கப்பட்டது. எரிபொருளும் கடனும் வாகனத்தின் நிரப்புப் பண்டங்கள் போன்றவை. அவற்றின் விலை ஏறினால் வாகனத்துக்கான கேள்வி குறையும். அப்படியிருந்தும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. புதிதாக ஒரு வாகனம் வருவதற்கு வழியே இல்லாதபோது எப்படி இறங்கும்?

இதில் இலாபம் அடைந்தவர் யார்? கார் வைத்திருந்த எல்லோரும் பணக்காரராகிவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். எங்கள் சாச்சா 2018இல் 31 இலட்சத்துக்கு வாங்கிய வேகன் ஆரை 2021 இறுதியில் 57 இலட்சத்துக்கு விற்றார். வீட்டில் எல்லோரும் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். சில மாதம் கழித்து அதே போன்ற ஒரு காரைத் தேடியபோது 57 இலட்சம் போதவில்லை. இரண்டு வாகனம் வைத்திருந்து ஒன்றை விற்றவருக்கே அது இலாபம். ஒன்றே ஒன்றை வைத்திருந்தவருக்கு வெறும் எண்தான் கூடியது.

உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் வாகனமே இல்லாதவர்கள். நான் பாடசாலைக்கு வரும் டொல்பின் வேனை மாற்ற வேண்டும் என்று வேன் நானா 2020க்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். சேர்த்த பணத்தை விட விலை வேகமாக ஓடியது. பழைய வேனையே திருத்தித் திருத்தி ஓட்டினார். இறக்குமதி உதிரிப்பாகமும் டொலரோடு சேர்ந்து ஏறியதால் மாதக் கட்டணத்தைக் கூட்டாமல் அவருக்கு வேறு வழியில்லை. எங்கள் ஒழுங்கையிலிருந்து வந்த இருவர் வேனை விட்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி மாலை வகுப்புகளையும் விட்டுவிட்டாள். இருட்டிய பிறகு பஸ்ஸில் தனியே வர வீட்டில் அனுமதிக்கவில்லை. டொலர், வட்டி வீதம் என்பவை பத்திரிகையில் வரும் பெரிய சொற்கள் என்று இருந்த எனக்கு, அவை ஒரு பெண் பிள்ளையின் படிப்புவரை வந்து சேரும் என்பது அப்போதுதான் விளங்கியது.

2025 பெப்ரவரியில் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் பழைய விலை திரும்பவில்லை. ரூபாவின் பெறுமதி குறைந்திருக்கிறது, இறக்குமதி வரிகளும் அதிகம். ஆகவே பாவித்த வாகனத்தை நாடும் குடும்பங்கள் இனியும் இருக்கும். விலை உயர்ந்த சந்தையில் ஏமாற்றும் அதிகம். வாங்கும் முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். மீற்றர் குறைவாக ஓடியதாகக் காட்டினால், பிரேக் பெடலும் ஆசனமும் ஸ்டியரிங்கும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். செசி, எஞ்சின் இலக்கங்களைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அதில் முழு உரிமையாளராக ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீரும்வரை வாகனம் விற்பவருக்கு முழுமையாகச் சொந்தமில்லை. மாதத் தவணையை மட்டும் பாராமல், கடைசித் தவணைவரை கட்டும் மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள்.

அந்தக் கணக்கைப் போட உங்கள் வீட்டிலுள்ள உயர்தர மாணவியைக் கூப்பிடுங்கள். நாங்கள் படிப்பது பரீட்சைக்கு மட்டுமல்லவே.