கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் யாருக்குத் தேவை? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

ராமச்சந்திராபுரம் (ஹைதராபாத்): ஹைதராபாத்தின் மேற்கே, மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ராமச்சந்திராபுரம் பல ஆண்டுகளாக 'பெல்' நிறுவனத்தின் தொழிற்சாலையால் அறியப்பட்ட பகுதி. இன்று காலை வேளையில் இங்கிருந்து ஹைடெக் சிட்டிக்குச் செல்லும் பேருந்துகளிலும், அருகிலுள்ள லிங்கம்பள்ளியிலிருந்து புறப்படும் எம்.எம்.டி.எஸ். ரயில்களிலும் காதில் இயர்போன் இல்லாத பயணியைக் காண்பது அரிது. அவர்களில் சிலரது செல்போனுடன் தீப்பெட்டி அளவிலான மற்றொரு கருவியும் இணைந்திருக்கிறது. அதுவே கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்.

ஆயிரம் ரூபாய் முதல் அரை லட்சம் ரூபாயைத் தாண்டியும் விற்கப்படும் இக்கருவி, 'இசையின் தரத்தையே மாற்றிவிடும்' என்ற விளம்பரத்துடன் வருகிறது. உண்மையில் பெரும்பாலானோருக்கு இது தேவையில்லை. தேவைப்படும் சிலருக்கோ இது இல்லாமல் விலை உயர்ந்த ஹெட்போன் வீண். இவ்விரு பிரிவினரில் நாம் யார் என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் அறிந்துகொள்ளலாம்.

இரண்டு வேலை, ஒரு கருவி: செல்போனில் உள்ள பாடல் எண்களின் தொகுப்பாகவே சேமிக்கப்பட்டுள்ளது. அதனை மின்னலையாக மாற்றும் பகுதி 'டாக்' எனப்படுகிறது. அந்த மெல்லிய மின்னலைக்கு ஹெட்போனின் சவ்வை அசைக்கும் வலுவைத் தருவது ஆம்ப்ளிஃபையர். முன்பு இரண்டும் செல்போனுக்குள்ளேயே இருந்தன. 2016-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7 மாடலில் 3.5 மி.மீ. துளையை நீக்கியது, பிற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. அதன் பிறகு டைப்-சி துளையில் செருகும் 'டாங்கிள்' எனும் சிறு கருவிக்குள் டாக், ஆம்ப் ஆகிய இரண்டும் இடம்பெயர்ந்தன. எனவே, இன்று கடையில் 'ஆம்ப்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்த கருவிதான்.

செல்போனுக்கு முந்தைய வரலாறும் இதற்கு உண்டு. 1990-களின் இறுதியில் சூ மோய் என்பவர் வெளியிட்ட எளிய மின்சுற்று, ஒரு 9 வோல்ட் பேட்டரியுடன் மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கியது. உலகெங்கும் ஆர்வலர்கள் அதனைத் தாங்களே சால்டர் செய்து உருவாக்கினர். 2011-ஆம் ஆண்டு பெயர் வெளியிடாத ஒரு பொறியாளர் 'ஓ2' எனும் வடிவமைப்பை, அளவீடுகளுடன் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டார். நல்ல ஆம்ப் என்பது மர்மமோ மந்திரமோ அல்ல, அளந்து பார்க்கக்கூடிய பொறியியல் என்பதை அது நிலைநாட்டியது. சால்டரிங் பழகியவர்கள் ஹைதராபாத்தின் கோட்டி, சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் உதிரிபாகங்கள் வாங்கி, குறைந்த செலவில் இத்தகைய ஆம்பை இன்றும் உருவாக்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?: ஹெட்போன் பெட்டியின் மீது இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று ஓம் என்ற அலகில் குறிக்கப்படும் மின்மறுப்பு. மற்றொன்று டெசிபலில் குறிக்கப்படும் உணர்திறன். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்து, 'ஓம் அதிகம் என்றால் ஆம்ப் தேவை' என முடிவு செய்கின்றனர். அது பாதி உண்மையே.

எடுத்துக்காட்டாக, ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாகப் பயன்படும் பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்போனின் 250 ஓம் மாடலை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட் மின்திறன் அளித்தால் அது 96 டெசிபல் ஒலியைத் தரும். அரை வோல்ட் தரும் ஒரு சாதாரண டாங்கிளில் இணைத்தால் கிடைப்பது சரியாக அந்த ஒரு மில்லிவாட்தான். ஒரு வோல்ட் கிடைத்தால் 102 டெசிபல், இரண்டு வோல்ட் கிடைத்தால் 108 டெசிபல். கேட்பதற்கு 96 டெசிபலே அதிகம் எனத் தோன்றலாம். ஆனால், இது கருவி எட்டக்கூடிய உச்ச அளவு. கர்நாடக இசைக் கச்சேரியில் தம்புராவின் மெல்லிய நாதத்துக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எழுப்பும் அதிர்வுக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. சராசரி ஒலி 75 டெசிபலில் இருந்தாலும் உச்சங்கள் அதைவிட 20 டெசிபலுக்கு மேல் எழக்கூடும். எனவே, உச்சத்துக்கு 110 டெசிபல் வரை இடம் விடுவது வழக்கம். இந்த ஹெட்போனில் அதற்குத் தேவைப்படுவது சுமார் 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட்.

இனி ஹைஃபைமேன் சுந்தரா ஹெட்போனைப் பாருங்கள். அதன் மின்மறுப்பு 37 ஓம் மட்டுமே. ஆனால், உணர்திறன் 94 டெசிபல். அதே 110 டெசிபலை எட்ட சுமார் 40 மில்லிவாட் தேவை. வோல்ட் கணக்கில் 1.2 போதும், மின்னோட்டமோ 33 மில்லி ஆம்பியர் வேண்டும். முந்தைய ஹெட்போனுக்கு வெறும் 10 மில்லி ஆம்பியர் போதுமானதாக இருந்தது. ஒன்று மின்னழுத்தத்தையும் மற்றொன்று மின்னோட்டத்தையும் கேட்கிறது. 'ஓம் குறைவு, ஆம்ப் வேண்டாம்' என்ற முடிவு இங்குதான் பிழையாகிறது.

மறுபுறம், இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பல இயர்போன்கள் 32 ஓம் மின்மறுப்பும், மில்லிவாட்டுக்கு 108 டெசிபல் உணர்திறனும் கொண்டவை. அதே அரை வோல்ட்டில் அவை ஏறத்தாழ 117 டெசிபலை எட்டிவிடும். இவற்றுக்குத் தனி ஆம்ப் வாங்குவது, மிதிவண்டிக்கு லாரி எஞ்சின் பொருத்துவது போன்றது.

எண்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். சில நிறுவனங்கள் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்கும், சில ஒரு வோல்ட்டுக்கும் குறிப்பிடுகின்றன. 32 ஓம் ஹெட்போனில் இவ்விரண்டு முறைகளுக்கும் இடையே 15 டெசிபல் வேறுபாடு வரும். எந்த அலகு என்று பார்க்காமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடுவது, கிலோவையும் பவுண்டையும் ஒன்றாக எண்ணுவதற்குச் சமம்.

விளம்பரத்தில் இல்லாத எண்: ஆம்ப் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது மின்திறன். '32 ஓமில் 125 மில்லிவாட்' என்றால் அந்தக் கருவி தருவது இரண்டு வோல்ட் மட்டுமே. அதே கருவி 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனுக்கு ஏறக்குறைய 13 மில்லிவாட்தான் தரும். ஆகவே, உங்கள் ஹெட்போனின் ஓம் அளவில் எவ்வளவு மின்திறன் கிடைக்கும் என்பதையே கேட்க வேண்டும். மேலும், பெரிய எண் பெரும்பாலும் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளைக்கு உரியதாக இருக்கும். சாதாரண 3.5 மி.மீ. துளையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு எண், ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை இயர்போன்களில் மின்மறுப்பு நிலையாக இருப்பதில்லை. சுருதிக்குச் சுருதி மாறும். ஒரு சுருதியில் 8 ஓம், மற்றொன்றில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு 10 ஓமாக இருந்தால், இவ்விரு சுருதிகளுக்கும் இடையே 5 டெசிபல் வரை ஏற்றத்தாழ்வு உருவாகும். பாடகரின் குரல் ஒரு கருவியில் கணீரென்றும் இன்னொன்றில் மங்கியும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1 ஓம் எனில் அந்த ஏற்றத்தாழ்வு ஒரு டெசிபலுக்கும் குறைவு. ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழ் ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கூறும் எளிய விதி.

செல்போனுடன் இணைக்கும்போது: ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்ற நிறுவனங்களின் பல செல்போன்களில் டாங்கிளைச் செருகியும் ஒலி வராமல் போகலாம். கருவி பழுது என்று திருப்பி அனுப்பும் முன், செட்டிங்ஸ் பகுதியில் 'ஓடிஜி' இணைப்பு இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். பயன்பாடு இல்லாதபோது அது தானாகவே அணைந்துவிடும்.

ஆப்பிள் நிறுவனத்தின் சிறிய டைப்-சி டாங்கிள் அதன் விலைக்குத் துல்லியமான கருவி. ஐரோப்பியச் சந்தைக்கான மாதிரி சுமார் அரை வோல்ட்டும், பிற நாடுகளுக்கானது ஒரு வோல்ட்டும் தருகின்றன. ஆனால், பல ஆண்ட்ராய்டு செல்போன்களில் அதன் ஒலி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். அது கருவியின் பழுதல்ல, ஒலியளவைக் கையாளும் மென்பொருளின் முரண்பாடு.

ஆப்பிள் மியூசிக் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தரம் குறையாத 'லாஸ்லெஸ்' பாடல்களை அறிமுகப்படுத்தியபோது, 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பதிவுகளுக்கு வெளிப்புற டாக் தேவை எனத் தெரிவித்தது. இதுவே டாங்கிள் விற்பனையாளர்களின் முக்கிய வாதமாகவும் மாறியது. எனினும், நல்ல முறையில் பதிவான ஒரு பாடலில் அந்த வேறுபாட்டைக் காதால் பிரித்தறிவது மிகக் கடினம். அப்பணத்தை நல்ல ஹெட்போனுக்குச் செலவிடுவதே பலன் தரும். பழைய வானொலிப் பதிவுகளைக் கேட்பவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும்: ஆம்ப் குரலை மட்டுமல்ல, நாடாவின் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும்.

பயன்படுத்தும் முறை: கருவியில் 'கெய்ன்' பொத்தான் இருந்தால் இயர்போனுக்குக் குறைந்த நிலையே போதும். உயர் நிலையில் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்பதுடன், சிறு அசைவிலும் ஒலி திடீரென எகிறும். முதலில் ஒலியளவைக் குறைத்து, பிறகு ஹெட்போனைச் செருகி, அதன் பின்னரே காதில் அணிய வேண்டும். பேலன்ஸ்டு துளையில் சாதாரண ஹெட்போனை மலிவான அடாப்டர் மூலம் இணைக்கக் கூடாது. இரு பக்க வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதி ஆம்ப் கருகிவிட வாய்ப்புண்டு.

பேட்டரி இல்லாத டாங்கிள் செல்போனின் மின்சாரத்தையே உறிஞ்சும். சொந்த பேட்டரி கொண்டவற்றைத் தெலங்கானாவின் மே மாத வெயிலில் நிற்கும் இருசக்கர வாகனத்தின் பெட்டிக்குள் விட்டுச் செல்வது ஆபத்து. விமானப் பயணத்தில் அவற்றைக் கைப்பையில் எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது.

ரயில் இரைச்சலுக்கு ஆம்ப் தீர்வா?: பயணத்தின்போது பாடல் சரியாகக் கேட்கவில்லை என்பதால் ஆம்ப் வாங்குவோரும் உள்ளனர். இது தவறான மருந்து. ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டினால், காதுக்குச் செல்வது இரண்டின் கூட்டுத்தொகை. காதை நன்கு அடைக்கும் சரியான அளவிலான ரப்பர் முனை, சில நூறு ரூபாயில் அந்த இரைச்சலைப் பெருமளவு குறைத்துவிடும். இசையையும் மெல்ல ஒலிக்க வைக்கலாம்.

உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரையும், சிறுவர்கள் 75 டெசிபல் ஒலியை அதே கால அளவு வரையும் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம். 90 டெசிபலில் ஏறத்தாழ 4 மணி நேரம். தினமும் போகவர இரண்டு மணி நேரம் பயணிக்கும் ஒருவர் 90 டெசிபலில் பாடல் கேட்டால், வாரத்தின் ஒதுக்கீடு செவ்வாய்க்கிழமை மாலையே தீர்ந்துவிடும். உட்செவியின் மயிரிழைச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

வலுவான ஆம்ப் ஒன்றில் கூடுதல் கவனம் தேவைப்படுவதும் இதனால்தான். செல்போனில் 'ஒலியளவு அதிகம்' என்று வரும் எச்சரிக்கை, அதில் இணைந்துள்ள ஹெட்போனின் உணர்திறனை அறியாது. தனி ஒலித்திருகி கொண்ட ஆம்ப் என்றால் அந்தத் திருகியின் நிலையையும் செல்போன் அறியாது. வாங்கிய முதல் நாளே அமைதியான அறையில் அமர்ந்து, அருகில் ஒருவர் இயல்பாகப் பேசுவது கேட்கும் அளவில் திருகியை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டித் திருக வேண்டிய நிலை ரயிலில் ஏற்பட்டால், மாற்ற வேண்டியது ரப்பர் முனையைத்தான். பேச்சைக் கேட்பதில் தெளிவின்மை, காதில் தொடர்ந்து 'கொய்' என்ற ஓசை போன்றவை சில நாட்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.