வயரை ஏன் எரிக்கக் கூடாது?

கானா நாட்டின் அக்ரா நகரில், அக்போக்புளோஷி பழைய இரும்புச் சந்தை 2021-ல் இடிக்கப்படும்வரை, அங்கே இளைஞர்கள் வயர்ச் சுருளைத் தீயில் போடுவார்கள். உறை உருகி ஒழுகியதும் கம்பால் கிளறிச் செம்பை எடுப்பார்கள். தீ மூட்டப் பழைய ஃபிரிட்ஜின் நுரைப்பஞ்சு!

அந்தக் கரும்புகை ஏன் இத்தனை கொடியது? வயர் உறை பெரும்பாலும் பிவிசி. அதில் குளோரின் உண்டு. திறந்த தீயில் அது அரைகுறையாகத்தான் எரியும். புகை ஆறிவரும்போது, ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில், கரித்துகளும் குளோரினும் சேர்ந்து டையாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. அதற்கு வினையூக்கி அந்தச் செம்பேதான். மண்ணில் படியும் டையாக்சின், அங்கே கொத்தித் தின்னும் கோழியின் முட்டைக்குள் போகிறது. நம் உடல் கொழுப்பில் சேர்ந்தால் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். பழைய உறைகளில் ஈயமும் இருக்கும். வாய்வழி போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. என்னைத் தூங்கவிடாத கணக்கு இதுதான்.

மாற்றுவழிக்குப் பெரிய ஆலை வேண்டாம். 2014-ல் அக்போக்புளோஷியிலேயே வயர் உரிக்கும் இயந்திரங்களை வைத்தார்கள். கத்தி உறையைக் கீறும்; செம்பு பளபளவென்று வெளியே வரும். கருகாத செம்புக்கு விலையும் கூடுதல். மெல்லிய வயர்களை உரிப்பதுதான் சிரமம். தீயில் போய் விழுபவை அவைதான். நம் வீட்டுப் பழைய சார்ஜரும் அந்த ரகம். அதைக் குப்பையோடு போடாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.